ஆடுகளத்தில் கோபமும் மார்க்கமும்: வரலாறு தரும் சில செய்திகள்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

இஸ்லாத்திற்கு முந்திய அரபகத்தில் ஒரு குதிரைப் பந்தயம் நடந்தது. ‘தாஹிஸ்’, ‘கப்ரா’ என்பன குதிரைகளின் பெயர்கள். ‘அப்ஸ்’ கோத்திரத்தாருக்கும் ‘துப்யான்’ கோத்திரத்தாருக்கும் இடையில் பந்தயம் கட்டப்பட்டது. முந்தி ஓடி வந்த குதிரையை வழியில் ஆள் வைத்து மறித்து, பந்தயத்தைக் கெடுத்துவிட்டார்கள். அதிலிருந்து பிறந்த சண்டை நாற்பது ஆண்டுகள் நீடித்ததாக அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். இறுதியில் ஹரிம் பின் ஸினான், ஹாரிஸ் பின் அவ்ஃப் என்னும் இரு தலைவர்கள் முன்வந்து, கொல்லப்பட்டோருக்கான ஈட்டுத் தொகையைத் தங்கள் சொந்த ஒட்டகங்களைக் கொண்டு செலுத்திச் சண்டையை முடித்து வைத்தனர். மத்ரஸாவில் முஅல்லகாத் ஓதிய ஆலிம்கள் ஸுஹைர் என்ற கவிஞரின் கஸீதாவில் இவ்விருவரின் புகழையும் ஓதியிருப்பார்கள். குதிரை ஓடியதோ சில நாழிகைதான். அதற்காகச் சிந்திய இரத்தமோ ஒரு தலைமுறையைத் தாண்டியது.

இத்தகைய சமுதாயத்திற்குத்தான் நபி (ஸல்) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் விளையாட்டைத் தடை செய்யவில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். பெருநாளன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாட, அதனை அன்னையாருக்குக் காட்டினார்கள். ருகானா என்ற மல்லரை நபியவர்கள் வீழ்த்திய நிகழ்ச்சியும் பயான்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆயினும் அதன் அறிவிப்பாளர் தொடர் உறுதியானதல்ல என்று திர்மிதீ இமாமவர்களே குறித்திருப்பதால், அதை இங்கே ஆதாரமாகக் கொள்ளாமல் விடுகிறோம். விளையாட்டு நீடித்தது. அதில் இருந்த ஜாஹிலிய்யத்து மட்டும் களையப்பட்டது. அது எப்படிக் களையப்பட்டது என்பதைக் காட்டும் மூன்று நிகழ்ச்சிகள் புகாரி ஷரீஃபில் உள்ளன.

நபியவர்களுக்கு ‘அள்பா’ என்றோர் ஒட்டகை இருந்தது. அதை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது பெரும் மனவருத்தமாகிவிட்டது. அவர்களுடைய முகங்களில் அதைக் கண்ட நபியவர்கள், உலகில் உயர்ந்த எதையும் தாழ்த்தாமல் அல்லாஹ் விடுவதில்லை என்னும் கருத்தில் ஆறுதல் கூறினார்கள். முந்திய கிராமவாசியை ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாஹிஸ் குதிரை ஓடிய அதே அரபு மண்ணில்தான் இதுவும் நடந்தது!

இரண்டாவது, அம்பெய்யும் போட்டி. அஸ்லம் கோத்திரத்தார் இரு அணியாக நின்று எய்து கொண்டிருந்தனர். அவ்வழியே வந்த நபியவர்கள் அவர்களை ஊக்கப்படுத்தி, தாம் இன்ன அணியினருடன் இருப்பதாகக் கூறினார்கள். உடனே மறு அணியினர் கையை நிறுத்திவிட்டனர். காரணம் கேட்டபோது, தாங்கள் எதிரணியில் இருக்க, எப்படி எய்வோம் என்றனர். அப்போது நபியவர்கள், தாம் அனைவருடனும் இருப்பதாகச் சொல்லிப் போட்டியைத் தொடரச் செய்தார்கள். நபியவர்கள் ஒரு பக்கம் நின்றால் போட்டி என்ற ஒன்றே இல்லாமற் போகும் என்பதை அந்த எளிய மனிதர்கள் உணர்ந்திருந்தார்கள்.

மூன்றாவது விளையாட்டல்ல, கைகலப்பு. ஒரு பயணத்தில் முஹாஜிர் ஒருவர் அன்ஸாரி ஒருவரை உதைத்துவிட்டார். அவர் அன்ஸாரிகளைக் கூவி அழைத்தார், இவர் முஹாஜிர்களைக் கூவி அழைத்தார். இரு பெயர்களும் குர்ஆன் ஷரீஃபில் புகழப்பட்ட பெயர்கள். அப்படியிருந்தும் அவை கூட்டம் சேர்க்கும் கூக்குரலாக மாறிய நொடியில், இது ஜாஹிலிய்யத்தின் அழைப்பு, நாற்றம் பிடித்தது, இதை விட்டொழியுங்கள் என்ற பொருளில் நபியவர்கள் கடிந்து கொண்டார்கள். இக்கட்டுரை முழுவதற்கும் இந்த ஒரு நிகழ்ச்சியே திறவுகோல் என்று கருதுகிறோம்.

இவற்றை இப்போது எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். நமது மஹல்லா இளைஞர்கள் சிலர், ஜமாஅத்தின் பெயரில் கிரிக்கெட் அணி அமைக்க அனுமதி வேண்டிக் கமிட்டிக்கு மனுக் கொடுத்திருந்தனர். கமிட்டியார் நம்முடைய கருத்தைக் கேட்டார்கள். வாரம் ஆறு நாளும் பனியன் கம்பெனியில் கட்டிங்கிலும் பவர் டேபிளிலும் அயர்னிங்கிலும் நின்று உழைக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மூச்சு விடும் நாள். உலகத்து அணிகளுக்கெல்லாம் ஜெர்சி தைத்துக் கொடுக்கும் ஊரில், தமக்கென ஒரு ஜெர்சி வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படுவதில் குற்றமில்லை. எனினும் ஒரு ரன் அவுட்டில் தொடங்கிய வாய்ச்சண்டை இரு தெருக்களின் சண்டையாகி, அது இரு சமயத்தாரின் சண்டையாகிவிடுமோ என்று பெரியவர்கள் இரவில் கூடிப் பேசிய சம்பவமும் நடந்திருக்கிறது. 1997, 98 ஆண்டுகளில் அண்டையிலுள்ள கோவை பட்ட துன்பத்தைக் கண்ணால் கண்ட தலைமுறை நம்மிடையே உள்ளது. ஆகவே வரலாற்றைப் புரட்டிப் பார்க்காமல் பதில் சொல்ல மனம் ஒப்பவில்லை.

சமயத்தின் பெயரால் அணி அமைத்து ஆடுவது நம் நாட்டிற்குப் புதிதன்று. பம்பாயில் ஐரோப்பியரும் பார்ஸிகளும் ஆடிவந்த கிரிக்கெட் போட்டியில் 1907-இல் இந்துக்கள் அணி சேர்ந்தது. 1912-இல் முஸ்லிம்கள் அணி சேர்ந்து அது நாற்கோணப் போட்டியாயிற்று. 1937-இல் இந்தியக் கிறிஸ்தவர் முதலானோரைக் கொண்ட ‘இதரர்’ அணியும் சேர்ந்து ஐங்கோணப் போட்டியாயிற்று. நாட்டிலேயே மிகப் பெரிய கூட்டத்தை ஈர்த்த விளையாட்டு விழா அக்காலத்தில் அதுவே. திறமையான முஸ்லிம் வீரர்கள் பலர் அதன் வழியாகத்தான் உலகுக்கு அறிமுகமானார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சமயத்தின் பெயரைச் சுமந்த அணியில் சமயத்தின் நீதி தானாக வந்துவிடவில்லை. இந்துக்கள் அணியில் பல்வாங்கர் பாலூ என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒப்பற்ற பந்துவீச்சாளர் இருந்தார். சாதி காரணமாக அவருக்குத் தலைமைப் பொறுப்பு மறுக்கப்பட்டது. 1923-இல்தான் அவருடைய தம்பி விட்டலுக்கு அது கிடைத்தது. சச்சரவோ ஆடுகளத்திற்கு வெளியிலும் பெருகியது. 1937-இல் புதிதாகக் கட்டிய பிரபோர்ன் மைதானத்தில் எந்தச் சமயத்தாருக்கு எத்தனை இருக்கைகள் என்ற தகராறில் இந்துக்கள் அணி போட்டியிலிருந்தே விலகிக் கொண்டது. பந்து வீசுமுன்பே நாற்காலிக்குச் சண்டை! 1940 டிசம்பரில் இந்து ஜிம்கானாவின் பிரதிநிதிகள் வார்தாவுக்குச் சென்று காந்தியாரிடம் ஆலோசனை கேட்டபோது, விளையாட்டில் சமய வாரியாக அணி பிரிப்பதைத் தம்மால் ஏற்க முடியவில்லை என்று அவர் வெளிப்படையாகவே கூறிவிட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆடியவர்கள் பெரும்பாலும் பகைவர்களாக இருக்கவில்லை. 1944-இல் நடந்த இறுதிப் போட்டியில் கே.சி. இப்ராஹீம் ஆட்டமிழக்காமல் 137 ஓட்டங்கள் எடுக்க, முஸ்லிம்கள் அணி ஒரே ஒரு விக்கெட் மீதமிருக்க இந்துக்கள் அணியை வென்றது. தோற்ற அணியின் தலைவர் விஜய் மெர்ச்சன்ட், வென்ற அணியின் அறைக்குத் தாமே சென்று பாராட்டினார். வென்ற அணியின் தலைவர் முஷ்தாக் அலீ அதைப் பிற்காலத்தில் நெகிழ்ச்சியுடன் நினைவு கூர்ந்துள்ளார். மைதானத்திற்குள் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் அது ஆட்டமாகத்தான் இருந்தது. வெளியில் இருந்தவர்களுக்கு அது வேறொன்றாக ஆகிக் கொண்டிருந்தது. பிரிவினைக் கலவரம் நாட்டைச் சூழ்ந்த 1946-ஆம் ஆண்டோடு அந்தப் போட்டி முடிவுக்கு வந்தது. மாகாண வாரியாக ஆடப்படும் ரஞ்சிக் கோப்பையே நிலைத்தது.

நமது சென்னையோ வேறு வழியில் சென்றது. 1915 முதல் 1952 வரை பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் நடந்த போட்டியில் ஒருபுறம் இந்தியர், மறுபுறம் ஐரோப்பியர். கோபாலனும் சீக்கியரான ராம் சிங்கும் ஒரே அணியில் ஆடினார்கள். அதிலும் ஆள்வோர், ஆளப்படுவோர் என்ற பிரிவு இருக்கத்தான் செய்தது. ஆயினும் அண்டை வீட்டாரை எதிரணியாக்கும் பிரிவாக அது இல்லை.

கல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தைப் பற்றி நம் பெரியவர்கள் பெருமையுடன் பேசுவார்கள். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக் போட்டியில் வென்று, வெள்ளையர் அணிகளின் ஆதிக்கத்தை முறித்த கழகம் அது. அந்தப் பெருமையில் நமக்கும் பங்குண்டு, மறைக்கவில்லை. அதே கல்கத்தாவில் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்டத்தில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகள் மோதின. ஆட்டக்காரர் இருவரின் மோதல் பார்வையாளர் மாடத்திற்குப் பரவி, அடிதடியிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். இங்கே மோதிக் கொண்டவை சமயத்தின் பெயரால் அமைந்த அணிகள் அல்ல. எனவே சமயந்தான் ஆடுகளத்தில் கலகத்தை உண்டாக்குகிறது என்று பத்திரிகைகளில் எழுதுவோர் கூறுவது பாதிப் பொய். எந்தப் பெயரையும் கூட்டத்தின் கூக்குரலாக்கலாம். பெயர் எவ்வளவு புனிதமானதோ, அவ்வளவு விரைவாகத் தீப்பிடிக்கும் என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

இதுவரை கூட்டத்தைப் பற்றிப் பேசினோம். ஆடுபவனின் உள்ளத்தைப் பற்றி இனிப் பேச வேண்டும். இதற்கு முஹம்மது அலீயை விடச் சிறந்த பாடம் கிடையாது. 1980-இல் அவர் சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் தம் இளமைக்கால நண்பர் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிக் குத்துச்சண்டை ஆடியதை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர்களும் அந்நிகழ்ச்சியில் கலந்து கொண்டார்.

காஷியஸ் கிளே என்ற பெயருடன் பிறந்த அவர், 1964 பிப்ரவரியில் உலகப் பட்டம் வென்ற கையோடு தம் மார்க்கத்தை அறிவித்தார். அவர் அன்று சேர்ந்தது எலைஜா முஹம்மதின் ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ என்ற இயக்கம். அதன் கொள்கைகள் நமது அகீதாவுக்கு முற்றிலும் மாறானவை என்பதை வாசகர்கள் மறக்கலாகாது. 1972-இல் அவர் ஹஜ்ஜுக்குச் சென்றார். 1975-இல் எலைஜா இறந்த பின், அவருடைய மகனார் வாரிஸுத்தீன் முஹம்மது அந்த இயக்கத்தை அஹ்லுஸ் ஸுன்னத்தின் பாதைக்குத் திருப்பியபோது அலீயும் அவ்வழியில் வந்தார்.

அந்தத் தொடக்க ஆண்டுகளில் நடந்த இரண்டு போட்டிகள் நம் கவனத்திற்குரியவை. ஃபிளாய்ட் பேட்டர்சன் கத்தோலிக்கர். அலீயின் இயக்கத்தவரிடமிருந்து பட்டத்தை மீட்பது தம் கடமை என்று பேசினார். அலீ என்ற பெயரைச் சொல்ல மறுத்து, கிளே என்றே அழைத்தார். 1965 நவம்பரில் இருவரும் மோதியபோது, அலீ விரைவில் முடித்திருக்கக் கூடிய ஆட்டத்தைப் பன்னிரண்டாம் சுற்று வரை இழுத்து அவரை வதைத்தார் என்று அன்றைய பத்திரிகைகள் கண்டித்தன. ஒருவர் கையில் சிலுவையின் பெயர், மற்றவர் கையில் பிறையின் பெயர். அடுத்தது 1967 பிப்ரவரி 6, ஹூஸ்டன் நகரம். எர்னி டெர்ரல் என்பவரும் அவரைக் கிளே என்றே அழைத்திருந்தார். பதினைந்து சுற்றுகளும் அவரை அடித்துக் கொண்டே, என் பெயர் என்ன சொல் என்று அலீ கேட்டுக் கொண்டிருந்தார். மார்க்கம் தந்த பெயரை மதிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. கண் வீங்கி நிற்கும் ஒருவரை அடித்து அந்தப் பெயரைச் சொல்ல வைப்பது எந்த மார்க்கத்தில் உள்ளது? பெயருக்காகச் செய்த அந்தக் காரியத்தில் பெயருக்குரிய மார்க்கம் இல்லை.

ஆனால் அவரை இதோடு எடை போட்டுவிட முடியாது. மூன்று மாதங்கூட ஆகவில்லை. 1967 ஏப்ரல் 28, அதே ஹூஸ்டன் நகரம். வியட்நாம் போருக்குப் படையில் சேர அழைக்கப்பட்ட அலீ, தம் மார்க்க நம்பிக்கையைக் காரணம் காட்டி மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறைத் தண்டனையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டினால் சிறைக்குச் செல்லவில்லை என்றாலும், உடல் வலிமை உச்சத்திலிருந்த மூன்றரை ஆண்டுகள் அவருக்கு ஆடுகளம் மூடப்பட்டது. 1971 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. ஒரே மனிதர், ஒரே நகரம், ஒரே நம்பிக்கை. பிப்ரவரியில் அது கையை ஓங்கச் செய்தது, ஏப்ரலில் கையைத் தடுத்தது. முன்னதில் அவர் நம்பிக்கையைப் பிறர் மீது சுமத்தினார், பின்னதில் தாமே சுமந்தார் என்பதுதான் நமக்குத் தெரியும் வேறுபாடு.

அவர் பேச்சின் கடுமை அதன் பிறகும் உடனே தணியவில்லை. ஜோ ஃபிரேசியர் என்ற எதிராளியைக் குரங்கினத்தோடு ஒப்பிட்டு 1975-இல் ஏளனம் செய்தார். ஃபிரேசியரின் பிள்ளைகள் வரை அது புண்படுத்தியது. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகாசம் செய்வதையும் பட்டப் பெயரிட்டு அழைப்பதையும் சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. 2001-இல், அப்போது அப்படிப் பேசியதற்காக அலீ பத்திரிகை வாயிலாக மன்னிப்புக் கேட்டார். 2011-இல் ஃபிரேசியர் இறந்தபோது, நடுக்க நோயால் தளர்ந்திருந்த உடலுடன் இறுதிச் சடங்கிற்குச் சென்றிருந்தார். 2016 ஜூனில் அவரும் உலகை விட்டுப் பிரிந்தார்.

குத்துச்சண்டையை ஓர் இமாம் இவ்வளவு விரிவாக எழுதலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். முகத்தில் அடிப்பதை நபியவர்கள் தடுத்துள்ளார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம், இன்று நடைபெறும் முறையிலான குத்துச்சண்டை ஹராம் என்று 1987-இல் தீர்ப்பளித்துள்ளது. அந்தத் தொழிலைப் புகழ்வது நமது நோக்கமன்று.

2006 ஜூலை 9 அன்று உலகக் கால்பந்து இறுதிப் போட்டியில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஜிதான் எதிரணி வீரரின் நெஞ்சில் தலையால் முட்டி வெளியேற்றப்பட்டார். தம் குடும்பத்துப் பெண்களை அவர் இழிவாகப் பேசினார் என்பது ஜிதான் சொன்ன காரணம். அவர் செய்தது ரோஷம் என்று நம் பிள்ளைகள் பலர் அன்று வாதிட்டார்கள். மல்லனை வீழ்த்துபவன் வீரனல்லன், கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்னும் கருத்துடைய ஹதீஸ் கோபத்திற்குக் காரணமே இல்லாத நேரத்திற்குச் சொல்லப்பட்டதன்று. காரணம் இருக்கும்போதுதான் அதற்கு வேலை.

அதற்கடுத்த மாதமே இன்னொன்று நடந்தது. தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் ஆம்லா, குஜராத்தின் சூரத்திலிருந்து சென்ற குடும்பத்தவர், தாடி வைத்தவர், மதுபான விளம்பரச் சின்னத்தைத் தம் சட்டையில் அணிய மறுத்தவர். இலங்கையில் நடந்த போட்டியில் அவர் ஒரு கேட்ச் பிடித்தபோது, வர்ணனையாளர் டீன் ஜோன்ஸ் அவரைப் பயங்கரவாதி என்று குறிப்பிட்டது ஒலிபரப்பாகிவிட்டது. ஜோன்ஸ் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் மன்னிப்புக் கேட்க, ஆம்லா அதை ஏற்றுக் கொண்டு அத்துடன் விட்டுவிட்டார். 2012 ஜூலையில், ரமளான் தொடங்கிய நாட்களில், ஓவல் மைதானத்தில் 13 மணி நேரத்திற்கும் மேலாக நின்று 311 ஓட்டங்கள் எடுத்தார். தென்னாப்பிரிக்கர் எவரும் அதற்கு முன் டெஸ்ட் ஆட்டத்தில் முந்நூறு எடுத்ததில்லை. பயணியாக இருப்பதால் நோன்பை ஊர் திரும்பிய பின் களாச் செய்வேன் என்று சாதாரணமாகச் சொன்னார். மார்க்கம் தந்த சலுகையைச் சலுகையாகவே எடுத்துக் கொண்டார், அதில் வீம்பு காட்டவில்லை. பின்னர் 2014 முதல் 2016 வரை பல இனத்தாரும் சமயத்தாரும் இருந்த அவ்வணிக்கு டெஸ்ட் தலைவராகவும் இருந்தார். அவர் ஆடிய அணியின் பெயரில் மார்க்கம் இல்லை, அவரிடத்தில் இருந்தது.

நாம் கமிட்டியாரிடம் தெரிவித்த கருத்து இதுதான். பிள்ளைகள் தாராளமாக ஆடட்டும். ஜமாஅத்தின் பெயரோ பள்ளிவாசலின் பெயரோ அணிக்கு வேண்டாம், தெருவின் பெயர் போதும். தெருவில் குடியிருக்கும் மாற்று மதப் பிள்ளைகளையும் அணியில் சேர்த்துக் கொள்ளட்டும். தக்பீர் தொழுகைக்குரியது, பெருநாளுக்குரியது. விக்கெட் விழும்போது எதிரணியை நோக்கி முழங்குவதற்குரியதன்று. எதிரணியினர் எதைச் சொல்லிச் சீண்டினாலும் நடுவரிடம் சொல்வதோடு நிறுத்திக் கொள்ள வேண்டும். அஸர் பாங்கு சொன்னால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வர வேண்டும். ஜமாஅத் பெயர் வேண்டாம் என்றதில் இளைஞர்கள் சிலருக்கு வருத்தம் இருந்ததை அறிவோம். அம்பெய்த அஸ்லம் கோத்திரத்தாரின் நிகழ்ச்சியை எடுத்துச் சொன்னபோது அவர்களில் பெரும்பாலோர் ஒப்புக் கொண்டார்கள். ஒரு பிள்ளை மட்டும், அப்படியானால் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் ஆடியது தவறா ஹஜ்ரத் என்று கேட்டான். வெள்ளையர் ஆட்சியில், ஒதுக்கப்பட்டவர்கள் தலை நிமிர வேறு களம் இல்லாத காலத்தில் ஆடியதையும், பக்கத்துத் தெருவோடு நாம் ஆடுவதையும் ஒன்றாக வைக்க முடியாது என்று கூறினோம்.

கமிட்டியார் இக்கருத்தை ஏற்று, பந்து, மட்டை வாங்குவதற்குச் சிறு தொகை ஒதுக்கியுள்ளனர். அணியில் சேர விரும்பும் பிள்ளைகளின் பெயர்களைப் பெற்றோர், வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் செயலாளரிடம் கொடுக்கலாம்.